மொட்டைப் பந்துக் காலத்துச் சாம்பியனுக்கு

இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், நண்பா.

நேற்று மாலை காஜா பெராங் டென்னிஸ் கிளப்பில் செயலாளர் புதுப் பந்து டின் ஒன்றைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வெளியேறி, புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்த நாளிலிருந்து நீ ஏங்கிக்கிடந்த வாசனை!

சுவரில் வெற்றியாளர் பலகை மாட்டியிருக்கிறார்கள். போருக்கு முந்திய பெயர்கள் இருக்கின்றன, பிந்தியவையும் இருக்கின்றன. உன் பெயர் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது மொட்டைப் பந்துக் காலம் சார். போட்டியே இல்லையே! வெள்ளைக்காரன் எல்லாம் சிறையில. யாரை ஜெயிச்சாரு லா உங்க ஆளு?" என்றார் செயலாளர். காசுக்கு ஆடும் உலக வீரர்களைச் சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்த கொழுப்பு. "அதுதான் சார் போட்டி!"

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த உலக வீரர்களும் ஊர் ஊராய்ப் போய்த் தங்களுக்குள் ஆடும் அதே நாலு பேர்தானே? இன்று ஓர் ஊரில் தோற்றவன் நாளை அடுத்த ஊரில் ஜெயிப்பான். போருக்கு முன்பு இங்கே என்ன வாழ்ந்தது? துரைமார் தங்களுக்குள் ஆடி, தங்களுக்கே கோப்பை கொடுத்துக்கொண்டார்கள். நாம் வேலிக்கு வெளியே நின்றோம். அவர்கள் போன பிறகுதான் வேலி திறந்தது. கணக்கெழுதும் சீனக் கிராணி வந்தார், மலாய் போலீஸ்காரர் வந்தார், செட்டி இளைஞர்கள் வந்தார்கள். மட்டை பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் வந்தார்கள். அத்தனை பேரையும் தாண்டி வந்தவன் நீ.

வேகத்தில் இன்றைய பையன்கள் மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோமம் உதிர்ந்து வழுவழுத்த அந்தப் பந்தை, தூண்டில் கயிறு கட்டிய மட்டையால் அவர்கள் அடித்துப் பார்க்கட்டும்! நம் காலத்தில் பலசாலி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனான். பந்தை எங்கே வைப்பது என்று தெரிந்தவன்தான் தேறினான்.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவன் நான். சுண்ணாம்பு கிடைக்காமல் அடுப்புச் சாம்பலால் கோடு போட்டிருந்தோம். கடைசிப் புள்ளி. வேலியோர மரவள்ளிச் செடிக்குள் விழுந்தபடி நீ தூக்கிப் போட்டாய். பந்து என் தலையைத் தாண்டிப் போய் இறங்கியது.

"அவுட்டு!" என்று கத்தினேன்.

"சாம்பல் பறந்துச்சு மச்சான், கண்ணு தெரியலையா?"

"பறந்தது உன் வாய்டா!"

நடுவராக இருந்த யூரேசிய வாத்தியார் உன் பக்கம் கை காட்டினார். பரிசு, ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கு. அதில் பாதியை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "தோத்தவனுக்கும் பசிக்கும்ல" என்று சிரித்தாய். அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சில மாதங்களில் ஜப்பான்காரர்கள் உன்னைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அங்கிருந்து உன் சாம்பல்கூட ஊர் திரும்பவில்லை. உன் பெயர் நிற்க இந்த ஊரில் அந்தப் பலகையை விட்டால் வேறு இடமில்லை.

உனக்கு விலாசம் ஏது? செயலாளருக்கே அனுப்புகிறேன், படிக்கட்டும். பெயர் போட்டால், தோற்றவன் தன் தோல்விக்கு முலாம் பூசுகிறான் என்பார். அதனால் கையெழுத்தில்லை. மொட்டைப் பந்துக்காக ஒரு மொட்டைக் கடிதம்.

ஆனால் அந்தப் பந்து அவுட்டுதான். நீ திருடியது ஒரு பந்தை. பட்டத்தை நீ ஆடித்தான் வாங்கினாய். அதை அவுட்டு என்று இன்னும் சாதிப்பவன் ஒருவன்தான்; இந்த வரியைப் படித்ததும் எழுதியவன் யாரென்று காஜா பெராங் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். பெயர் மட்டும் போட மாட்டேன்.