இனியன் அண்ணா எங்கை இருக்கிறார்?

அக்கா,

இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது, காலில் மாட்ட எடுத்த சப்பாத்தைத் தட்டினேன். மஞ்சள் மண் உதிர்ந்து பாரிஸில் என் லாச்சப்பல் வீட்டுப் படியில் விழுந்தது. போன கிழமை உங்கள் பிள்ளைகளோடு போய்வந்த முகாமின் மண். அதைக் கூட்டி அள்ள மனம் வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட இருக்கிறது அந்த இடம். மலை கடந்து வந்த அகதிகளை ஒருகாலத்தில் அடைத்துவைத்த முகாம், இப்போது அருங்காட்சியகம். மூத்தவள் அபி பள்ளிக்கூடத்துக்கு அதைப்பற்றி எழுத வேண்டியிருந்தது. அத்தானுக்கு ரெஸ்டோரண்டில் லீவு கிடைக்கவில்லை. நான்தான் அவளையும் சின்னவள் மதுவையும் ரயிலில் கூட்டிப்போனேன்.

கூரை போன சீமெந்துக் கொட்டில்கள் வரிசையாக நின்றன. வழிகாட்டிய பெண், இங்கே குழந்தைகள் பிறந்தார்கள், இறந்தும் போனார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டிலுக்கு நடந்தாள். அபி நகரவில்லை.

"சித்தி, நீங்களும் அம்மாவும் இருந்த காம்பும் இப்பிடியோ?"

"ஓம். இது கல்லுக் கட்டடம். எங்கடை கூடாரம்."

"அங்கையும் குழந்தையள் இருந்தவையோ?"



இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிந்து வன்னியிலிருந்து முகாமுக்கு வந்து, அதுவரை அறிமுகமில்லாத எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். உங்கள் இனியனுக்கு அப்போது எட்டு மாதம். யார் தூக்கினாலும் சிரிப்பான். காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து மூன்றாம் நாள் போய்விட்டான். அடக்கம் செய்ய அத்தானை மட்டும்தான் வெளியே விட்டார்கள். அவர் போன திசையைப் பார்த்தபடி நீங்கள் முள்வேலியோடு நின்றீர்கள். அவர் திரும்பி வந்தார். எங்கே வைத்தீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் விடிய, தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் பிளாஸ்டிக் கானோடு நின்றீர்கள்.

பிறகு பாரிஸ். ரூ காய் என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடைக்குள் மறுபடி உங்களைக் கண்டபோது அபி வயிற்றில் இருந்தாள். கட்டிப்பிடித்து அழுதோம். அப்போதும் இனியன் பேரை நாம் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில்தான் நீங்களாக எடுத்தீர்கள்.

"பிள்ளையளுக்கு அவனைப்பற்றிச் சொல்லிப்போடாதை. நானும் இல்லாத நேரம் அதுகள் அழுதா ஆர் தேத்துறது?"

சொல்லமாட்டேன் என்று உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை அந்தக் கொட்டிலுக்குள் மீறினேன், அக்கா. குழந்தைகள் இருந்தார்களா என்று கேட்கிற பிள்ளைக்கு இல்லையென்று எப்படிச் சொல்வேன்? "உங்களுக்கு ஒரு அண்ணா இருந்தவன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மது விரல்களை மடித்துப் பார்த்தாள். "அப்ப நான் மூண்டாவது பிள்ளை" என்றாள். அபி அழவில்லை. அம்மா ஏன் எங்களை நம்பவில்லை என்று பிரெஞ்சில் கேட்டாள். பாரிஸ் வரும்வரை அவள் என்னோடு பேசவேயில்லை.

சார்செலில் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்த அத்தானிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "இனியன் அண்ணா எங்கை இருக்கிறார்?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் துடைத்தார்.

"காம்புக்கு வெளியிலை ஒரு பாலை மரம். அதுக்குக் கிழக்காலை. உங்கடை அம்மாவின்ரை பச்சைச் சீலைத் துண்டிலை சுத்தித்தான் வைச்சனான். மண்ணைக் கையாலை அள்ளி, கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டுத்தான் மூடினனான்."

பிறகு, "உங்கடை அம்மா ஒருநாள் கேப்பாள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். கேக்கேல்லை" என்றார்.

பிள்ளைகள் இருவரும் அவர்மேல் சாய்ந்துகொண்டார்கள். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

அத்தனை வருடம் நீங்கள் கேட்கப் பயந்ததை, அவர் சொல்லக் காத்திருந்ததை, நான் என் காதால் கேட்டுவிட்டேன். உங்கள் காதில் விழவேண்டிய சொற்கள் அவை. உங்களிடம் சேர்ப்பிக்க வழியில்லாமல், அவற்றோடுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.