சாமந்திக்கு நடுவில் என் படம்

லாரெடோ, டெக்சாஸ்
நவம்பர் 4

என் ஒரே மகள் நெரெய்தாவுக்கு அம்மா எர்லிந்தா ஆசை முத்தத்துடன் எழுதுவது. குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்த மினசோட்டா பனிக்காட்டில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். நான் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது, எல்லாம் நீ எழுதிய அந்தப் புத்தகத்தால்.

எனக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க உட்கார்ந்தால் நாலு வரியில் தூக்கம் வந்துவிடும், உனக்குத் தெரியாததா. அதனால் சாயோதான் தன் பியூட்டி பார்லரில், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு காத்திருக்கும் பெண்களுக்கும் எனக்கும் சேர்த்து, மத்தியான வேளைகளில் உன் நாவலை நம் ஸ்பானிஷ் பாஷையில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். என் மகள் எழுதியதாயிற்றே என்று நானும் முத்துத் தோடு போட்டுக்கொண்டு போய் முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ முதல் அத்தியாயத்திலேயே என்மேல் மண்ணள்ளிப் போட்டுவிட்டாய். பெண்ணுக்குப் பதினைந்து வயசு விழா வருகிறது, தைத்த உடுப்பு அலமாரியில் தொங்குகிறது, அம்மாக்காரி அடுப்படியில் சுருண்டு விழுந்து போய்ச் சேருகிறாள். சாயோ படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் “என்னடி முழிக்கிறீங்க, மேல படி” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் சொல்லு.

போனில் கேட்டதற்கு “அது நீயில்லம்மா, வெறும் கதை” என்றாய். மாவு டப்பாவுக்குள் ஜெபமாலையை ஒளித்து வைக்கிறவள் யாரடி? பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அடுத்த நிமிஷமே அதற்கு முட்டை பொரித்துக் கொடுக்கிறவள் யார்? மோவாயில் அந்த மச்சம் யாருடையது? நான் விடாமல் கேட்கக் கேட்கக் கடைசியில் நீ “அம்மா உயிரோட இருந்தா அந்தப் பொண்ணு வாயே தெறக்க மாட்டாம்மா, அதான்” என்று சொன்னாய். அன்றைக்குப் போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேஜையையே திரும்பத் துடைக்கிறேன், ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன், அடுப்பில் அவரை விதை தீய்ந்துபோய் வீடெல்லாம் நாற்றம். உன் அப்பாவுக்கோ ஒரே கவலைதான், “நான் இருக்கேனா, இல்ல என்னையும் அனுப்பி வச்சிட்டாளா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாவலின் பாதியில் அவருக்கு ஒரு விதவையைக் கட்டி வைத்திருக்கிறாய் என்று சாயோ சொன்னதும், அதுவும் சோள மாவில் தமாலே நன்றாகச் செய்கிறவள் என்றதும், உன் அப்பா எவரிஸ்தோவுக்கு இளமை திரும்பிவிட்டது. “பொண்ணு அப்பன் மனசறிஞ்சு எழுதியிருக்கா” என்று விசிலடித்துக்கொண்டு திரிகிறார். இரண்டு நாளாக அவருக்குத் தீய்ந்த அவரை விதைதான் போட்டேன், அந்த விதவை வந்து சமைத்துப் போடட்டும்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இறந்தவர்கள் நாளுக்கு நூலகத்தில் படையல் மேடை வைக்கிறார்கள் அல்லவா, இந்த வருஷம் ஹூஸ்டனிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் அதைச் செய்தாள். நம் ஊர்ப் பெண் எழுதிய கதை, அதில் இறந்துபோன அம்மாவுக்கும் ஒரு இடம் கொடுப்போம் என்று நல்ல மனசோடுதான் நினைத்திருக்கிறாள். ஆனால் உன் புத்தக அட்டையில் இருப்பது யார் படம்? நீ என் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போன என் பதினைந்து வயசு விழாப் படம். நான் உள்ளே போகிறேன், சாமந்திப் பூவுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் நான் சிரித்துக்கொண்டு இருக்கிறேன், முன்னால் இனிப்பு ரொட்டி, உப்பு, ஒரு தம்ளர் தண்ணீர். உயிரோடு இருக்கிறவர்கள் படத்தை அங்கே வைத்தால் சாவைக் கூப்பிட்ட மாதிரி என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பழைய தபால்காரர் பெர்மின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு “பாவம் எர்லிந்தா, நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று “எவ்வளவு நீளம்னு சொல்லுங்களேன்” என்றேன். அந்த மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் மறுநாள் அவருக்கும் ஒரு படம் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

படத்துக்குக் கீழே தேங்காய் மிட்டாய் வேறு, எனக்குப் பிடிக்கும் இளஞ்சிவப்பு நிறத்தது. இது சாயோ வேலை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பார்லருக்கே போய், ஏண்டி பாவி, நேற்றுத்தானே எனக்கு நகம் வெட்டிவிட்டாய் என்று பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு “உனக்கு யாரு வச்சா, அந்தக் கதையில செத்தாளே மகராசி, அவளுக்கு வச்சேன்” என்கிறாள். அந்த மகராசிமேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? அவள் மேலங்கியை முகர்ந்து பார்த்து உன் கதையில் வரும் பெண் அழுகிறாள், அவள் சீப்பில் ஒட்டியிருந்த முடியைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள். இங்கே ஒருத்தி இடுப்பு வலியோடு உயிரோடு இருக்கிறேன், எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன்கூட ஒழுங்காக வருவதில்லை. கடைசி அத்தியாயத்தைச் சாயோ படித்தபோது முடி உலர்த்தும் இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் வளர்ந்து பெரியவளாகி, பத்தாத அந்த உடுப்பை இழுத்து மாட்டிக்கொண்டு கல்லறை முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். வடக்கே நான் அளவுக்கு மீறி மெக்சிகோக்காரி, பாலத்தைத் தாண்டி மெக்சிகோ பக்கம் போனால் வெள்ளைக்காரி என்கிறார்கள், உன்னை மாதிரி ஆகிவிடக் கூடாதென்றுதான் ஓடினேன், இப்போது கண்ணாடியைப் பார்த்தால் நீதான் நிற்கிறாய் என்று அவள் சொல்லும்போது சாயோ அழுதுவிட்டாள். எனக்கும்தான் அழுகை வந்தது, தலைச்சாய மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

சரி, நூலகத்தில் என்ன செய்தேன் என்று கேள். நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ரொட்டியைத் தின்றேன், தண்ணீரையும் குடித்தேன், மிட்டாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஹூஸ்டன் பெண் ஓடி வந்து “அம்மா, அது செத்தவங்களுக்கு வச்சது” என்றாள். “ஆமா, நான்தான் அது” என்றேன். வெளியே வண்டியில் இருந்த உன் அப்பாவிடம் சொன்னதும் தொப்பி கீழே விழும் அளவுக்குச் சிரித்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், “அவ எப்ப வர்றாளாம்” என்று கேட்டார். அதைத்தான் நானும் உன்னிடம் கேட்கிறேன் நெரெய்தா.

வீட்டில் உன் அப்பாவைப் பெற்றவளுக்குப் படையல் வைத்தேன். இருந்த காலமெல்லாம் என் சமையலைக் குறை சொன்னவள், அவளே வருஷம் தவறாமல் தன் சாக்லேட் பானத்துக்கு வந்துவிட்டுப் போகிறாள். செத்தவர்களே வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறார்கள். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

கல்லறையிடம் பேசியதை எல்லாம் இங்கே அடுப்படியில் வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசு. நான் குறுக்கே பேசுவேன், கத்துவேன், முட்டையும் பொரித்துத் தருவேன், என்னால் சும்மா இருக்க முடியாது. ஆனால் நீ வாயைத் திற, உயிரோடு இருக்கும் அம்மா முன்னால் திறந்து பழகு. கண்ணாடியில் நான் நிற்பதாகச் சொன்னாயே, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. தபாலில் எழுத மாட்டேன், வந்து கேட்டுக்கொள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போடு, வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. தேவனும் மாதாவும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். மறக்காமல் என் படத்தைக் கொண்டு வா. தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னும் சாகாத உன் அம்மா,
எர்லிந்தா