சத்திரத்துச் சொதியும் உன் படமும்

நேற்று சத்திரத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் தேங்காய்ப்பால் சூடேறுகிற வாசனை வந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நீதான் கரண்டியோடு நிற்கிறாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நினைத்ததும் அழுகை வரவில்லை, பழைய வயிற்றெரிச்சல்தான் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

நாம் கல்யாணப் பந்திக்குச் சமைத்த அந்த ராசா காலத்துச் சத்திரம் இப்போது விருந்தாளிகள் தங்குகிற விடுதி. மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு இங்கே வந்து படுக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் கை வைக்கவில்லை. ஏசி கிடையாது. முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறார்கள். எச்சில் இலையும் காய்த்தோலும் ஒரு குழிக்குள் போய், அடுப்புக்கு வாயுவாகத் திரும்பி வருகிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அடுப்படி நிலைக்கு மேலே உன் படம் தொங்குவதைத் தவிர.

படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் கேட்டேன்.

"இந்த வீட்டுச் சொதி இவர் கைமணம்னு போட்டிருக்குப்பா."

"வேற பேரு எதுவும் இருக்கா?"

"இல்லப்பா."

எப்படி இருக்கும்? நீ தவசுப்பிள்ளை, பந்திக்கே தலைமைச் சமையல்காரன்; நான் உன் கையாள். விடியுமுன்னே தேங்காய் உடைத்து, துருவி, ஆட்டி, மூன்று பால் பிழிந்து தனித்தனியாக வைப்பேன். நீ தோளில் துண்டோடு வருவாய். காய் வெந்த சொதியில் கடைசியாக முதல் பாலை ஊற்றி, பொங்குமுன் இறக்குவாய். பந்தியில் இருந்து ஆள் வரும். "அண்ணாச்சி, சொதி பிரமாதம்" என்பான். உன்னைப் பார்த்துத்தான் சொல்வான். என் கை தேங்காய்ப்பூவில் ஊறி வெளுத்துக் கிடக்கும்.

இதை எழுதுகிற இவள் கல்யாணத்தில் பொறுக்கமுடியாமல்தான் நான் துணிந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சொதிச் சாப்பாட்டை நானே வைப்பேன், நீ அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்றேன். "சரிலே, நான் உக்காந்து திங்கேன்" என்று சிரித்தாய். உன் பக்குவத்தில் இஞ்சியை மிளகாயோடு சேர்த்து அரைப்போம். நான் அன்றைக்கு இஞ்சியைத் தனியே தட்டி, சாற்றை மட்டும் முதல் பாலில் விட்டேன். எனக்கே எனக்கென்று தோன்றிய ஒரே காரியம் அதுதான்.

முதல் பந்தியில் நீ சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உன் தோளைத் தட்டினார். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் அண்ணாச்சி." நான் சொதி வாளியோடு எதிரில் நின்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு இலையை மடக்கிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் எத்தனையோ பந்திக்கு உனக்குப் பால் பிழிந்தேன். நான் வைத்த சொதியைப் பற்றி என்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வயதான காலத்தில் விடுதிக்காரர்கள் உன்னைத்தான் தேடி வந்தார்கள். பக்குவம் சொல்லிக்கொடுக்க, சமைக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் உன்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள் என்று நான் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேற்று நீ செத்து வருசம் திரும்புகிற நாள் என்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். 'அவன் பேர் போட்ட சோறு எனக்கு வேண்டாம்' என்றேன். மகள்தான், "வயசான காலத்துல என்னப்பா வீம்பு" என்று இழுத்து வந்தாள். சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நாக்கில் முதலில் பால், பிறகு தொண்டையில் மெல்ல இஞ்சி. அரைத்த இஞ்சி இல்லை, சாறு.

சமைக்கிற அந்தச் செங்கோட்டைப் பெண்ணைக் கூப்பிட்டேன். "இஞ்சிச் சாறு யாரு விடச் சொன்னது, தாயி?"

"பெரியவருதான். இது எங்கூட்டாளி பக்குவம், மக கல்யாணத்துல வச்சான், நான் வச்சதைவிட அது ஒரு படி மேலன்னு சொல்லுவாரு."

"எங்கிட்டச் சொன்னதில்லையே."

அவள் சிரித்தாள். "அவன்கிட்ட சொல்லிராத, சொன்னா அவன் கால் தரையில பாவாதுன்னும் சொன்னாரு, தாத்தா."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகள் கேட்டாள், "இனிமே வயிறு எரியாதுல்லா?"

எரியத்தான் செய்கிறது. இத்தனை காலம் உன்மேல் இருந்தது, நேற்றிலிருந்து அந்தப் பெண்மேல் திரும்பிவிட்டது. நான் ஆயுசெல்லாம் காத்திருந்த வார்த்தையை, வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சும்மா கேட்டிருக்கிறாள். உன் வாயால் கேட்டிருக்கிறாள்.

கிளம்புமுன் அவளிடம், "அவன் சொன்ன மாதிரியே இன்னொரு மட்டம் சொல்லு தாயி" என்றேன். சொன்னாள். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். உன் குரல் மட்டும் வரவில்லை.