எரிந்ததாகச் சொன்ன கூறை

மார்கழி 20, ஞாயிறு

பனி. முழங்கால் மடங்கவில்லை. கோலம் பேத்தி வடிவு போட்டாள், ஒரு புள்ளி தப்பு.

எதிர்வீட்டு வக்கீல் வந்தார். அவர்தான் சபாவுக்குக் காரியதரிசி. போன வருஷத்துப் படங்களுக்குக் கோப்பை கொடுக்கிறார்களாம். நடிப்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, உடைக்கு ஒன்று. உடைக்கு நடுவர் மூன்று பேர். அவர், காலேஜ் வாத்தியார் ஒருவர், மூன்றாவது நான்.

"மூணாங்கிளாஸ் படிச்சவளைக் கூப்பிடுறீங்களே."

"மயிலாப்பூர்ல பாதிக் கல்யாணத்துக்கு நீங்கதான் புடவை எடுத்துக் குடுத்திருக்கேள். வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரியும், ஜரிகை தெரியாது. எனக்கு ரெண்டும் அரைகுறை."

இவர் சம்சாரம்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நம் கடைப் பட்டு சாயம் போகிறது என்று தெருவெல்லாம் சொன்னவள். சவுக்காரம் போட்டுத் துவைத்தால் போகாமல் என்ன செய்யும்? மறக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். கடை போய்விட்டது, கண் போகவில்லை.

மத்தியானத் தபாலில் மா. கடிதம். (மாப்பிள்ளை. பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.) நாலு வரி. தை 3 வெள்ளிக்கிழமை வந்து வடிவை மாம்பலத்துக்கு அழைத்துப் போகிறானாம். பெட்டி கட்டி வைக்கவாம். அவன் இளையாளின் தம்பிக்கு வடிவைப் பேசி முடித்தாயிற்றாம். அந்தத் தம்பிக்கு வயது முப்பத்திரண்டு. முதல் பெண்டாட்டி செத்துப்போனாள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

வடிவுக்குப் பதினாலு.

மார்கழி 22, செவ்வாய்

மேகமூட்டம். உளுந்து ஊறப்போட்டது வீண், புளித்துவிட்டது.

வக்கீலிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்த தகப்பன் கேக்கறார். கோர்ட்டுக்குப் போனாலும் அவர் பக்கம்தான் பேசும். ஏதாவது பலமான காரணம் இருக்கா?"

காரணம் என் வயிற்றில் இருக்கிறது. காகிதத்தில் இல்லை.

எழுதி வைக்கிறேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சித்திரை மாதம். நான் தென்காசியில், தம்பி வீட்டில். மகள் சிவகாமியையும் குழந்தையையும் அனுப்பு என்று மா.வுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பிறகு தந்தி. சிவகாமி காலராவில் போய்விட்டாளாம், அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம். நான் வந்து சேர்ந்தபோது சாம்பல்கூட இல்லை, கடலில் கரைத்தாயிற்று. பிறந்த வீட்டுக் கோடி போடவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. "கோடிக்குக் காத்திருக்க முடியுமா அத்தை? சுமங்கலியாப் போனவ. கல்யாணக் கூறையைக் கட்டித்தான் அனுப்பினோம்" என்றான் மா. அவன் தாயார் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

குழந்தையை மட்டும் கேட்டேன். உடனே கொடுத்துவிட்டான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மார்கழி 24, வியாழன்

தூறல். கொட்டகையில் நடுவர்களுக்குத் தனிக்காட்சி. காலையிலிருந்து மூன்று படம். கழுத்து வலி.

1. ராஜா படம். பன்னிரண்டு வருஷம் காட்டில் அலைந்த ராணிக்கு இஸ்திரி போட்ட மடிப்பு. சேடிக்கு ராணியைவிட நல்ல பட்டு. வாத்தியார் "பிரமாதம்" என்றார்.

2. சாமி படம். முனிவர் தாடி தனியாக ஆடுகிறது. ஆனால் ஓடக்காரி முந்தானையைச் செருகியது சரி. ஈரமான பிறகு கீழ்க்கரை கனத்துத் தொங்கியதும் சரி. யாரோ தெரிந்தவர் செய்த வேலை.

3. சமூகப் படம். பாதிவரை தூக்கம் வந்தது. பிறகு கல்யாணக் காட்சி. மணப்பெண் தலை குனிகிறாள், முந்தானையைக் கிட்டத்தில் காட்டுகிறான்.

சிவகாமியின் கூறை.

சிவப்பும் கறுப்பும் திரையில் ஒன்றுதான், நிறத்தை வைத்துச் சொல்லவில்லை. முந்தானையில் ஜரிகைப் பூ வரிசைக்கு ஏழு. இரண்டாம் வரிசையில் மட்டும் எட்டு. அந்த எட்டாவது பூ நான் வைத்தது. முகூர்த்தத்தில் ஓமப் பொறி பட்டுப் பொத்தல், மா.வின் தாயார் "ஆரம்பமே ஓட்டை" என்று ஊர் கேட்கச் சொன்னாள். மறுவீட்டுக்குள் இழை ஓட்டி மேலே ஒரு பூ வைத்தேன். அவளுக்கே எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எரிந்த புடவை எப்படி நடிக்கும்?

வெளியே வந்து வாந்தி. வக்கீல் சோடா வாங்கிக் கொடுத்தார். "படம் அவ்வளவு மோசமா?" என்றார். அப்போது சொல்லவில்லை. துணியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் மார்க் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். வாத்தியார் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

மார்கழி 27, ஞாயிறு

வெயில். சபாவுக்கு மூன்று படத்து டிரஸ்காரர்களும் பெட்டி கொண்டுவந்தார்கள். ராஜா படத்து வெல்வெட்டில் எலி கடித்திருக்கிறது.

மூன்றாவது பெட்டியில், அடியில். அரக்குச் சிவப்பு. திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் என் முடிச்சு. எல்லாரும் வலப்பக்கம் முடிவார்கள், நான் இடப்பக்கம்.

டிரஸ்காரர் நல்ல மனிதர். "குளத்தங்கரையாண்ட பழஞ்சரிகை வாங்குற பாய் இருக்காரும்மா, அவர்ட்ட வாங்கினது. உருக்காம வெச்சிருந்தாரு."

இதை இன்னும் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். வக்கீல் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். மடியில் வைத்து ரிக்‌ஷாவில். கனமே இல்லை.

மார்கழி 28, திங்கள்

பாய் கடை. வாசலில் கரி அடுப்பு, ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கும் வாடை. பாய்க்கு என்னைத் தெரியும், கடை இருந்த காலத்துப் பழக்கம். புடவையைப் பிரித்தேன்.

"இதுவா? நல்லா ஞாபகம் கீதும்மா. உருக்க மனசு வரல. ஊரே காலி பண்ணிக்கினு போவுது, அந்த நேரத்துல ஒரு பொண்ணு எடுத்தாந்துச்சு."

"ஆம்பளை யாரும் கூட வரலையா?"

"இல்லம்மா. கைல ஒரு கொழந்த. பொடவைய அதுவே குடுத்துச்சு. கன்னம் வீங்கிக் கெடந்துச்சு. இன்னாம்மா இதுன்னேன். பல்லு வலின்னுச்சு."

"வேற என்ன பேசினா?"

பாய் இடுக்கியைக் கீழே வைத்தார். "தென்காசிக்கு ரயிலு எத்தினி மணிக்கு பாய்னு கேட்டுச்சு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொடுத்தார். "ஒங்க பொண்ணாம்மா? அல்லா."

கூறையை விற்றாள், என்னிடம் வர. அவனுக்கு அது தெரியாது. பெட்டியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கட்டி அனுப்பினேன் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் எதைக் கட்டி அனுப்பினான்? உடம்பில் என்ன இருந்தது யாரும் பார்க்கக் கூடாது என்று?

மார்கழி 29, செவ்வாய்

போகி. பழம்பாய், துடைப்பம், உடைந்த முறம் எரித்தது. புகை. கண் எரிச்சல்.

வடிவிடம் கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம்.

"ஏட்டி, அம்மாகூட ஜரிகைக் கடைக்குப் போன ஞாபகம் இருக்கா?"

"தாடி வெச்ச தாத்தா கல்கண்டு குடுத்தார் ஆச்சி" என்றாள்.

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்தோம். துணி எடுத்துக்கிட்டு ரயிலுக்குப் போகணும்னு அம்மா சொன்னா. அப்பா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பக்கத்து வீட்டுல விட்டாங்க."

"அம்மாவுக்கு வாந்தி, பேதி?"

"இல்ல ஆச்சி. கல்கண்டை அம்மாவும் தின்னா."

தலை வாரிப் பின்னிவிட்டேன். இறுக்கிப் பின்னினேன் போல, வலிக்குது என்றாள்.

தை 1, புதன்

பொங்கல் சரியாகப் பொங்கியது. கரும்பு இனிப்பில்லை. வடிவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். கட்டி வைக்கச் சொன்னானே, கட்டி வைத்தேன்.

தை 2, வியாழன்

நடுவர் கூட்டம். ஓடக்காரிக்குத்தான் கோப்பை என்றேன். வாத்தியார் ராஜா படம் என்றார். வெல்வெட்டின் எலிக் கடியைக் காட்டினேன். அடங்கினார். சாமி படத்துக்குக் கோப்பை.

சமூகப் படத்துக்கு நான் பூஜ்யம் போட்டேன். மார்க் காகிதத்தில் காரணம் எழுதக் கட்டம் இருக்கிறது. எழுதினேன்: "இன்னொருத்தியின் கூறையை மணப்பெண்ணுக்குக் கட்டியது தப்பு. இது என் மகள் சிவகாமியின் கூறை. அவளோடு எரிந்ததாக அவள் புருஷன் சொன்னது. எரியவில்லை. அவளே விற்றாள். வாங்கியவர் சாட்சி."

வக்கீல் இரண்டு தடவை படித்தார். முகம் வேறாகிவிட்டது. தன் கையெழுத்தைப் போட்டு வாத்தியாரிடம் தள்ளினார். வாத்தியார் ஒன்றும் கேட்காமல் போட்டார். இனி அவரைப் பற்றிக் குறை எழுதமாட்டேன்.

"இதை என் பெட்டியில வெச்சுப் பூட்டறேன். நாளைக்கு உங்க மாப்பிள்ளை வர்றச்சே நான் கோர்ட்டுல இருப்பேன். சாயங்காலம்தான் வருவேன். ஜாக்கிரதை" என்றார்.

தை 3, வெள்ளி

பனி விலகவே இல்லை. பத்து மணிக்கு வந்தான். வண்டி வைத்திருக்கிறான் இப்போது. கழுத்தில் மடிப்பு விழுந்துவிட்டது.

"வாங்க மாப்பிள்ளை."

காப்பி வைத்தேன். பெட்டியைப் பார்த்தான், திருப்தி.

"பொண்ணு போற நாள். ஒண்ணு கேக்கணும். அவ அம்மா கூறை இருந்தா வடிவுக்கு ஆகுமே."

"எத்தனை தடவை சொல்றது அத்தை? கூறையைக் கட்டித்தானே அனுப்பினோம். என் கையால போர்த்தினேன்."

எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தேன். கொடியில் முழு நீளத்துக்கு விரித்துப் போட்டிருந்தேன், முந்தானை இந்தப் பக்கம்.

அது எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. அது இல்லை என்றும் சொல்லவில்லை. புடவையைப் பார்த்தான், வடிவைப் பார்த்தான். சத்தம் குறைத்துக் கேட்டான்.

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"சபாவில எழுதிக் குடுத்தாச்சு. மூணு கையெழுத்து. வக்கீல் பெட்டியில இருக்கு."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். காப்பி ஆடை படிந்து அப்படியே. பெட்டியைத் தொடவில்லை.

பெட்டியைப் பிரித்து வடிவின் துணிகளை அலமாரியில் வைத்தேன். பாவாடை நாலு, தாவணி மூன்று, ரிப்பன். கூறையை மடித்து அரிசிப் பானைக்குள்.

மணி ஐந்து. தெருமுனையில் அதே வண்டி. உள்ளே இரண்டு தலை. இறங்கவில்லை. வடிவைக் கொல்லைப்புறமாகப் பாய் வீட்டுக்கு அனுப்பினேன், வெற்றிலை வாங்குவதுபோலக் கூடையோடு. வக்கீல் இன்னும் வரவில்லை. வண்டிக் கதவு திறக்கிற சத்தம். ஒருவன்தான் வருகிறான். இன்னொருவன் கொல்லைச் சந்துப் பக்கம்—