சுறா எண்ணெய் குடித்த கன்றுகள்

காரைக்கால்
3-9-1959

அன்பு மகன் நூர் அகமதுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், சைகோனில் நீயும் மருமகளும் பிள்ளையும் அப்படியே இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம். உன் கடிதம் வந்தது. நம் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் அல்லியின் கண் பட்டுத்தான் கன்றுகள் சாகின்றன, அவளை உடனே நிறுத்திவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். இந்தப் பேச்சு கப்பலேறி உன் கடைவரைக்கும் வந்துவிட்டதே. நீ சொல்வதற்கு முன்பே நான் அவளை நிறுத்தினேன். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், வியாபாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசிவரை படி.

இந்த வருஷம் மழை இல்லை, பச்சைப் புல் இல்லை, மாடுகள் வெறும் வைக்கோலைத்தான் தின்றன. நாலு கன்று பிறந்தது. பச்சை இல்லாத குறைக்கு நான்தான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன், உன் வாப்பாவின் மூளை தெரியுமே. கிளிஞ்சல்மேட்டு மீனவர் கண்ணையனிடம் ஒரு ஜாடி சுறா எண்ணெய் வாங்கி, கன்றுக்கு ஆழாக்கு வீதம் காலையும் மாலையும் மூங்கில் குழாயில் ஊற்றச் சொன்னேன். சின்ன வயதில் உன் கால் சூம்பிக்கிடந்தபோது நான் கொடுத்துத் தேற்றிய அதே எண்ணெய். போன வருஷத்துச் சரக்கு, குடலைப் புரட்டும் நாற்றம், அந்த நாற்றம்தான் சத்து என்று உன் உம்மாவிடம் வேறு பெருமை அடித்தேன். இரண்டாம் மாதத்தில் முதல் கன்று ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை, பாலை வாயில் வைத்தால் ருசித்துக் குடிக்கிறது, பின்னங்கால்கள் மட்டும் கட்டையாக விறைத்துவிட்டன. கண் தெளிவாக இருந்தது, யார் நடந்தாலும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் அப்படிப் பார்த்துக்கொண்டே செத்துப்போயிருந்தது, எந்த நேரத்தில் என்று பக்கத்திலேயே இருந்த அல்லிக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை. எண்ணெய் போதவில்லை என்று மற்றவைகளுக்கு அளவைக் கூட்டினேன். இரண்டாவதும் அதேபோல் போயிற்று. மூன்றாவது படுத்ததும் வீணாகப் போகவேண்டாமே என்று கறிக்கடைக் கமாலுதீனைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன். தொடையைத் திறந்தவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். சதையில் சிவப்பே இல்லை, அவித்த மீன்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. நாப்பது வருசமா அறுக்கிறேன் மரைக்காயரே, மாட்டுக்குள்ள மீனை இப்பத்தான் பாக்குறேன் என்று சொல்லிக் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை, புதைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. அல்லி புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், அவள் கண் பட்டால் கன்று படுத்துவிடுகிறது என்றார்கள். நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஒருநாள் அவள் நாலாவது கன்றுக்கு, அந்தச் செவலைக் கிடாரிக்கு, அளந்துவைத்த எண்ணெயைச் சாம்பல் குழியில் கொட்டுவதைப் பார்த்துவிட்டேன். அது மூஞ்சியத் திருப்பிக்குது மொதலாளி, பாக்கப் பாவமா இருக்கு, ஒரு மாசமா நான் குடுக்கல என்றாள். அந்தக் கன்று ஒன்றுதான் நாலு காலில் நிற்கிறது என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருந்தைக் கொட்டிக் கன்றைக் கொல்கிறாய் என்று தெருவே கேட்கும்படி கத்தி, அவளை அனுப்பிவிட்டு, அன்று முதல் என் கையாலேயே ஊற்றினேன். இருபதாம் நாள் செவலையும் படுத்துவிட்டது.

மாட்டு டாக்டர் தெட்சிணாமூர்த்தி வந்து பார்த்தார். செலினியம்னு ஒரு சத்து இருக்கு, ஊசிமுனையளவு போதும், மண்ணுலேர்ந்து புல்லுக்கு வரணும், அது இல்லாட்டி சதை இப்படி வெளுத்துடும்னு வெளிநாட்டுல இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க, பச்சைப் புல்லுல உள்ள இன்னொரு சத்தும் சதையைக் காப்பாத்தும், நீங்க ஊத்துன கெட்டுப்போன எண்ணெய் அதையும் தின்னுடுச்சு என்றார். இந்த ஊர் மண்ணில் குறை உண்டா என்று சோதிக்காமல் சொல்லமுடியாதாம், எண்ணெய் கெடுத்தது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொன்னார். கன்னு அமைதியா கிடக்கட்டும், துள்ள விடாதீங்க, இருதயத்துச் சதையும் வெளுத்திருக்கும், துள்ளினா நின்னுடும் என்றும் சொல்லிப்போனார்.

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கருக்களாச்சேரியில் அல்லி வீட்டுக்குப் போய் அவளிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிக் கூட்டிவந்தேன். தெருவே பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே எல்லோர் முன்னாலும் கூட்டிவந்தேன். வாசலில் அவள் குரல் கேட்டதும் ஒன்பது நாளாக எழாத கன்று எழுந்து நின்றது. நாலு அடி வைத்தது, ஒரு துள்ளு துள்ளியது, அவள் காலடியில் விழுந்தது. அவ்வளவுதான், உயிர் இல்லை. டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வராமயே இருந்திருக்கலாம் மொதலாளி என்று மட்டும் சொன்னாள். தெரு பார்க்க நினைத்ததைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அடுத்த ஜும்ஆவில் எழுந்து நின்று எல்லாம் என் கை செய்தது என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், அன்று மாலையே அவள் வருவதைப் பார்த்துக் கன்றுகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான் கெஞ்சியதால் இன்னும் நம்மிடம் வேலைக்கு வருகிறாள். போன திங்கட்கிழமை வெள்ளைப் பசு ஈன்றது. அல்லி குனிந்து கன்றைப் பார்க்க வந்தபோது, எல்லாம் தெரிந்த இந்த வாப்பாவின் கை தானாகப் போய்க் கன்றின் முகத்தை மறைத்தது. வெட்கமாக இருக்கிறது மகனே. அவள் என் கையைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து அந்தக் கன்றுக்கு எல்லா வேலையும் செய்கிறாள், தாயிடம் ஊட்ட விடுகிறாள், தடவித் துடைக்கிறாள், தன் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறாள். கன்று நன்றாகத் துள்ளுகிறது, அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

மருமகளுக்கு சலாம், பேரப்பிள்ளைக்கு என் முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. மறந்துவிடாதே, அல்லியைப் பற்றி அங்கே யார் யார் பேசினார்களோ அவர்களை எல்லாம் உட்காரவைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. என் கை செய்ததை எழுதிய இடத்தை விட்டுவிடாமல் படி.

இப்படிக்கு உன் வாப்பா
மு. முகம்மது இப்ராஹிம்