லட்சத்து எட்டை யார் யார் பங்கிடுவது

1942, ஆடி வெள்ளி. மயிலாப்பூர்.

ஜப்பான்காரன் பிடித்த ரங்கூனிலிருந்து என்னவர் உயிரோடு திரும்ப, ராமநாமம் லட்சத்து எட்டு முறை எழுதுவதாக வேண்டுதல். மாமியார், இரண்டு நாத்தனார்கள், நான். எல்லோருக்கும் பங்கு சமமாக வர வேண்டும். கணவரை இழந்த மூத்த ஓர்ப்படி, அவருடைய அண்ணாவின் மனைவி மன்னி, தானும் எழுதட்டுமா என்று கேட்டாள்.

"அஞ்சால வகுபடுமாடீ, கணக்குப்புலி?" என்றார் மாமியார்.

"மூணு மிஞ்சும்மா."

"பார்த்தியா, எண்ணே இவளை வேண்டாங்கறது."

மன்னி தலைகுனிந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்தாத்து மாமியையும் சேர்த்தா ஆறு பேர். சரியா வகுபடும்மா" என்றேன்.

"மூணால?"

"அதுலயும் படும்."

"அப்போ நானும் என் பொண்களும் போதும். நீ உன் மன்னிக்குத் துணையா இரு."

ஆளுக்கு 33,336. அவருக்காக எழுதும் நாமத்தில் என் கையெழுத்து ஒன்றுகூட இருக்காது. நோட்டுகளுக்குக் கோடு போட மட்டும் கூப்பிட்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.