சி பிளாக்குக்கு முதல் தண்ணீர்

அன்புள்ள நண்பருக்கு,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. இன்று காலை வால்வு அறையில் நடந்தது.
2. தேநீர்க் கடையில் நாம் படித்த பாடம்.
3. நீங்கள் இல்லாமல் நான் தனியாகச் செய்த முதல் வேலை.

சோப்பு போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் துருவின் வாடை போகவில்லை. சி பிளாக் வால்வை வாட்ச்மேனால் ஒற்றை ஆளாகத் திருப்ப முடியவில்லை. நானும் கை கொடுத்தேன். அந்த ஈர அறையில் நின்றபோது உங்கள் சிரிப்புதான் காதில் கேட்டது.

நம் குடியிருப்பில் நான்கு பிளாக்குகள், எல்லாவற்றுக்கும் தரைக்கடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே சம்ப். எந்த பிளாக்குக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் ஏற்றுவது என்று தினமும் சண்டை. அதற்கு ஒரு புரோகிராம் எழுதலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஆபீசில் காலமெல்லாம் எழுதிய அதே முறையில், எல்லா விவரங்களையும் ஒரே இடத்தில் வைத்து, புரோகிராமின் எந்தப் பகுதி வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம் என்று எழுதிக் காட்டினேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தீர்கள்.

"இன்னா சார், இது நம்ம வால்வு ரூம் மாதிரியே கீது! எவன் வந்து திருப்பிட்டுப் போனான்னே தெர்ல, தண்ணி மட்டும் வர்ல."

அப்படித்தான் இருவரும் ஃபங்ஷனல் புரோகிராமிங் படிக்க உட்கார்ந்தோம்; புரோகிராமை ஃபங்ஷன் என்னும் தனித்தனிச் சின்னத் துண்டுகளாக எழுதும் முறை. காலை நடை முடிந்ததும் கிழக்குத் தாம்பரம் தேநீர்க் கடை பெஞ்சு. உங்கள் போனில் பாடம் ஓடும். ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காது.

"இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே ஒயர்ல? லவ் சாங்கா?" என்பார் டீ மாஸ்டர்.

"பரீட்சை மச்சான், பரீட்சை! சார் ஃபெயிலாயிடுவாருன்னு பயந்துகினு கீறாரு" என்பீர்கள் நீங்கள்.

பயந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு ஃபங்ஷனுக்குள் வந்த மதிப்பை அது மாற்றவே கூடாது என்றால் வேலை எப்படி நடக்கும் என்று ஒரு வாரம் குழம்பினேன். நீங்கள் டீ கிளாசைத் தட்டியபடி, ஒரு ஃபங்ஷனுக்கு உத்தரவு போடுவதுபோலச் சொன்னீர்கள்: "குட்த்தத வாங்கு. புச்சா ஒண்ணு செஞ்சு குடு. பழசுல கைய வெக்காத. அவ்ளோதான் சார் மேட்டரு."

என் புரோகிராமை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே முதலிலிருந்து எழுதினீர்கள். இன்றும் ஓடுவது அதுதான். சம்ப்பின் அளவை வாட்ச்மேன் போனில் போட்டால், வரிசையும் நிமிடமும் பதிலாக வரும்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்தக் கோடையில் சி பிளாக் மூன்றாம் மாடிப் பெண்ணின் தாயார் படுக்கையில் விழுந்தார். "அங்கிள், அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாத்திட்டுத்தான் நான் டிரெயின் புடிக்கணும். எங்களுக்கு எட்டு மணிக்கு மேலதான் தண்ணி ஏறுது" என்றாள். சங்கச் செயலாளர் என்னைக் கைகாட்டிவிட்டார். "சின்ன மாற்றம்தானே சார்?"

எனக்கா சின்னது? ஆபீசில் ஒரு வரியைத் தொட்டால் எங்கோ வேறொரு கணக்கு உடையும். அந்தப் பயம் விரலிலேயே தங்கிவிட்டது. இதைத் தொட்டு நான்கு பிளாக்கும் காய்ந்துபோனால்? அதைவிட, நீங்கள் விட்டுப்போனதை நான் கெடுத்துவிட்டால்? தள்ளிப்போட்டேன். விடியற்காலையில் அவள் கீழ்க்குழாயிலிருந்து வாளி சுமந்து ஏறுவாள். வாளி படியில் இடிக்கும் சத்தம் எனக்குப் படுக்கையில் கேட்கும்.

நேற்று அந்தச் சத்தத்துக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். நீங்கள் எழுதியதை மெதுவாகப் படித்தேன். நேரத்தைப் பங்கிடுவது ஒரு ஃபங்ஷன், வரிசை அமைப்பது ஒன்று, செய்தி எழுதுவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. பக்கத்து வேலையில் தலையிடுவதே இல்லை. வரிசைக்கும் செய்திக்கும் நடுவில் சின்னதாக ஒன்றைச் சேர்த்தேன்: வரிசையை வாங்கி, சி பிளாக்கை முன்னால் வைத்து, புது வரிசையாகக் கொடுப்பது. உங்கள் ஃபங்ஷன்களில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சம்ப்பின் ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சி முன்னால் நிற்கும் ஒரே பதில்தான் வந்தது.

அப்படியும் நம்பிக்கை வராமல் இன்று விடியுமுன் வால்வு அறைக்கு ஓடினேன். வாட்ச்மேன் போனைக் காட்டினார். முதல் வரியில் சி. மற்ற மூன்றும் பின்னால், நிமிடம் குறையாமல். வால்வைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தோம். மேலே ஜன்னல் திறந்தது.

"அங்கிள்! வந்துடுச்சு! வாளி நிறையுது!"

சம்ப் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சார், மயக்கமா?" என்றார் வாட்ச்மேன். மூச்சு விடுகிறேன் என்றேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மேலே உள்ள வரிசையைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது தவறு. நான் சேர்த்தது இந்தச் சின்னத் துண்டு. அது எதையும் இடிக்காமல் போய் உட்கார ஓர் இடத்தைப் பிசகில்லாமல் விட்டுவைத்தது நீங்கள். ஆனால் அந்த வரியை அடிக்கப்போவதில்லை. பழசுல கைய வெக்காத என்றீர்களே. அது அங்கேயே இருக்கட்டும். கீழே புதிதாக எழுதுகிறேன்.

3. நாம் இருவரும் செய்தது.